நான் தெரிந்தெடுத்த மரம்

பொறாமை எனக்குப் புதிதல்ல. பிறருடைய சேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புள்ளி, மெலிந்த இடுப்பு என்று பலதையும் பார்த்து வயிறெரிந்தவள்தான் நான். ஆனால் ஒரு மரத்தைப் பார்த்து எரிந்தது அந்த ஒரு முறைதான். அதுவும் நானே தெரிந்தெடுத்து, நானே சாடியில் வைத்து, நானே காரில் ஏற்றிவிட்ட மரம்.

ஒஸ்லோவில் குறொருட் பக்கம் ஒரு பெரிய ஹாகெசென்டரில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் சனம் அதைப் பூக்கண்டுக் கடை என்று சொல்லும். மற்றவர்கள் பெட்டூனியாவும் ஜெரேனியமும் விற்பார்கள். யப்பான் மேப்பிள் மட்டும் என்னுடைய பொறுப்பு. மே மாதம் லொறியில் வந்து இறங்கும்போது நாற்பது, ஐம்பது மரம் இருக்கும். எது நிலத்துக்கு, எது சாடிக்கு, எது வெயிலில் கருகும், எது ஒஸ்லோக் குளிரில் செத்துப்போகும் என்று இலையைத் தொட்டே சொல்லுவேன். நோர்வேக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்பார்கள். அதில் எனக்கு நல்ல தலைக்கனம்.

ஆனால் என் வீட்டில் ஒரு மேப்பிள் இல்லை. அம்மருட்டில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் எப்போதும் காற்று. முதலில் 'கார்னெட்' என்ற இனம் வைத்தேன். அதன் இலை நூல் நூலாகப் பிரிந்து தொங்கும், கரும் சிவப்பு. மூன்று கிழமையில் அத்தனை இலையும் காய்ந்து சுருண்டன. அடுத்த வருடம் 'ஒரேஞ்ச் ட்ரீம்' வாங்கி, கம்பியில் பாய் கட்டி மறைத்துப் பார்த்தேன். பெப்ரவரியில் சாடியோடு வேர் உறைந்து செத்தது. "இனி இந்த வீட்டுக்கை மரமெண்ட கதை வேண்டாம். ரெண்டு பிணத்தை லிஃப்டிலை இறக்கினது நான்தான்," என்று என் கணவர் யேசுரட்ணம் சொல்லிவிட்டார். அவர் பஸ் ஓட்டுபவர். வீட்டுக்கு வந்தால் அவருக்குக் காற்றும் வேண்டாம், மரமும் வேண்டாம், கதிரை ஒன்று போதும்.

அதனால் எனக்கென்று ஒரு கள்ளப் பழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு வசந்தத்திலும் வருகிற கார்னெட்களில் ஆக வடிவானதை எடுத்து, கடையின் பின்பக்கம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஒதுக்கி, 'வேறொருவருக்கு' என்ற மஞ்சள் அட்டையைக் கட்டிவிடுவேன். அந்த வேறொருவர் நான்தான். வாங்கப் போவதில்லை. ஆனி நடுவரை தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அட்டையைக் கழற்றிவிட்டு யாருக்காவது விற்றுவிடுவேன். அந்த ஆறு கிழமைதான் என் தோட்டம்.

தக்ஷாயினி எங்களுக்கு எதிர்க்கதவாக இருந்தவள். நாங்கள் இருவரும் ஒரே குளிர்காலத்தில் ஒஸ்லோவுக்கு வந்து, நோர்வேஜிய மொழி வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அவள் சைவம், நான் வேதம், கத்தோலிக்கம். அவள் நவராத்திரிக்குச் சுண்டல் தருவாள், நான் நத்தாருக்குக் கேக் கொடுப்பேன். பத்து வருடம் ஒரு சண்டை இல்லை. 2006 மாசி மாதம் ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்து, "ரஞ்சி, நாங்கள் வீடு எடுத்திட்டம்," என்றாள். ஹவுகன்ஸ்டுவாவுக்கு அங்கால் ஒரு வரிசை வீடு. கீழே இரண்டு அறை, மேலே மூன்று, பின்னால் ஒரு முற்றம். "சந்தோசமடி," என்று கட்டிப்பிடித்தேன். லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்கு வரும்வரை கட்டிப்பிடித்தபடியே நின்றேன். முகத்தைக் காட்ட முடியவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தாள்.

"பின்முத்தத்துக்கு ஒரு மரம் வேணும். ஆக்கள் வந்தால் ஒரு நிமிசம் நிண்டு பாக்கோணும். நீதான் சொல்லோணும்."

"நிலத்திலையோ சாடியிலையோ?"

"கிண்ட விடமாட்டினம். கீழை குழாய் போகுதாம். முழுக்கக் கல்லுப் பதிச்சிருக்கு."

"காத்து?"

"மூண்டு பக்கமும் சுவர். காத்தே இல்லை."

காற்றே இல்லை. எத்தனை சுலபமாகச் சொன்னாள். மூன்று பக்கமும் சுவர், பின்னேர வெயில் கொஞ்சம், ஒதுக்குப்புறமான முற்றம். சாடியில் ஒரு மேப்பிள் வைக்க ஒஸ்லோவில் அதைவிட நல்ல இடம் இல்லை. எனக்கு வாய் கசந்தது.

அவள் நேரே போய் நின்றது 'சங்கோ காக்கு' என்ற மரத்தின் முன்னால். அதன் பட்டை பவளச் சிவப்பு, இலை இளம் பச்சை. யாரும் முதலில் அதில்தான் விழுவார்கள். "இதைத் தா," என்றாள். அந்த இனம் குளிருக்கு ஆகாது. நிலத்தில் வைத்தாலே சந்தேகம், சாடியில் வைத்தால் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. 'ஓம், நல்ல தெரிவு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தை மாதம் செத்துப்போகும், என் மேலும் குற்றம் வராது. சொல்லப் பார்த்தேன். அந்த நேரம் எனக்குள் இருந்த வியாபாரிதான் குறுக்கே வந்தாள், நல்லவள் அல்ல. என் கையால் போன மரம் செத்தது என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

"வேண்டாம். தைக்குள்ளை போயிடும்."

"அப்ப உது?"

அது 'பிளட்குட்'. நல்ல திடமான மரம், குளிரைத் தாங்கும். ஆனால் அது நிமிர்ந்து அகலமாக வளர்கிற சாதி. நிலம் கேட்கும். சாடியில் வைத்தால் நாலு வருடத்தில் கோபித்துக்கொண்டு நிற்கும். அடுத்ததாக 'ஒசகாசுக்கி'யைக் காட்டினாள். இலையுதிர்காலத்தில் அதைப்போலச் சிவக்கிற மரம் வேறில்லை, அதற்கும் நிலம்தான் வேண்டும். சாடிக்கென்றால் உயரம் போகாமல் குடைபோலப் பரந்து தொங்குகிற, நூலிலைச் சாதிதான் நல்லது என்று விளக்கிக்கொண்டு வந்தேன். விளக்க விளக்க எனக்கே தெரிந்தது, எதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. தக்ஷாயினி கூடாரத்துத் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ரஞ்சி! இது ஆற்றை?"

என்னுடைய கார்னெட் மஞ்சள் அட்டையோடு நின்றது. அந்த வருடத்து மரம் இந்த எட்டு வருடத்தில் நான் கண்ட மிக வடிவானது. தண்டு ஒரு பக்கம் மெல்ல வளைந்து, கொப்புகள் அடுக்கடுக்காக இறங்கியிருந்தன. வேறொருவருடையது என்று சொல்லியிருக்கலாம். அட்டையே அதைத்தான் சொன்னது.

"ஒருத்தற்றையும் இல்லை," என்றேன். அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். உறைந்தாலும் வெடிக்காத சாடி, அடியில் ஓட்டை, தண்ணீர் தேங்காமல் இருக்கக் கீழே மூன்று கட்டை, புளிப்பு மண், மேலே மரப்பட்டைத் தூள். "தண்ணியை அளவா ஊத்து. வெள்ளமா ஊத்தி வேரை அழுக வைக்காதை. குளிர் வந்தால் மரத்தைச் சுத்தாதை, சாடியைச் சுத்து. வேர்தான் உறையும். வீட்டுச் சுவரோடை தள்ளி வை," என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள். கார்க் கதவைச் சாத்தும்போது ஒரு கொப்பு வெளியே நின்றது. அதை உள்ளே மடக்கிவிட்டது நான்தான்.

ஐப்பசியில் அவளுடைய மகள் யதுர்ஷாவின் பிறந்தநாளுக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். முற்றத்துக் கதவைத் திறந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கார்னெட் முழுக்க நெருப்புச் சிவப்பாக மாறியிருந்தது. சாம்பல் சுவர், சாம்பல் வானம், நடுவில் அது. பூமணியக்காவுக்கு வாய் அடங்கவில்லை. அறுபது வயது, ஹவுகன்ஸ்டுவா மாடிவீட்டில் தனியாக இருப்பவர், மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்.

"ஐயோ என்ன வடிவு! எனக்கொரு கொப்பு முறிச்சுத் தா பிள்ளை, என்ரை பல்கனியிலை ஊண்டிப் பாப்பம். இது ஆர் தெரிஞ்சது?"

கையில் ரோல்ஸ் தட்டோடு நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் பெயர் வரப்போகிறது என்று முகத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

"நான்தான் அக்கா," என்றாள் தக்ஷாயினி. "ரஞ்சின்ரை கடையிலைதான் எடுத்தனான். இவள் அது இது எண்டு கனக்கக் காட்டினவள். என்ரை கண் இதிலைதான் போய் நிண்டது."

இதில் கொடுமை என்னவென்றால், அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. திரையை விலக்கியது அவள். கண்டுபிடித்தது அவள். ஆனால் ஐம்பது மரத்தில் அந்த ஒன்றை எடுத்து அங்கே ஒளித்து வைத்தது யார்? அதை நான் யாரிடம் சொல்ல? வாங்காத மரத்தை அட்டை கட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நாற்பது பேருக்கு முன்னால் சொல்ல முடியுமா? ரோல்ஸ் தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினேன். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே வயிறு பற்றி எரிந்தது.

இரண்டு நாள் கழித்துத் தக்ஷாயினி தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். விருந்தினர் போன கையோடு பிள்ளைக்கும் வீட்டுக்கும் நாவூறு கழித்திருக்கிறாள். கல்லுப்பையும் செத்தல் மிளகாயையும் மூன்று தரம் சுற்றி, ஊரில் நெருப்பில் போடுவதுபோல மின் அடுப்பில் போட்டிருக்கிறாள். புகை எழும்பி, கூரையில் இருந்த புகைமணி, றோய்க்வார்ஸ்லர், வீடதிரக் கத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்ரியாஸ் தீயணைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் செருப்போடு ஓடி வந்தானாம். அவன் மனைவி ஹன்னா வாசலில் நின்று இருமி இருமிக் கண்ணீர் விட்டாளாம்.

"இனி அடுப்பிலை போடமாட்டனடி. சுத்திப்போட்டு வேறை எங்கையாவது போடவேண்டியதுதான்," என்றாள். நானும் சிரித்தேன்.

குளிர்காலத்தை மரம் நன்றாகத் தாண்டியது. நான் சொன்னபடி சாடியைச் சுற்றி, சுவரோடு தள்ளி வைத்திருந்தாள். அடுத்த மே மாதம் புது இலை விட்டபோது அந்த வரிசை வீட்டாரின் சிறு செய்தித்தாளில் படம் போட்டார்கள். கார்னெட்டுக்குப் பக்கத்தில் தக்ஷாயினி சிவப்புச் சேலையோடு நின்றாள். 'கிழக்கிலிருந்து ஒரு கைவண்ணம்' என்று தலைப்பு. ஒரு பிரதியை எனக்கென்று எடுத்து வைத்துத் தந்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உருளைக்கிழங்குத் தோல் சுற்றி எறிந்தேன். யேசுரட்ணம் கண்டுவிட்டு, "உனக்கு விசர்," என்றார். விசர்தான்.

அப்படியிருந்தும் நான் போகாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்ததும் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு போவேன். தேநீர் குடித்தபடி மரத்தைப் பார்ப்பேன். புண்ணை நோண்டிக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு.

ஆனி நடுவில் அவள் பதறிப்போய் அழைத்தாள். "ரஞ்சி, இலையெல்லாம் ஓரம் கருகுது. ஓடி வா."

கர்த்தர் மன்னிக்கட்டும், என் மனது துள்ளியது. நான் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், மழைச் சட்டையும் போடாமல் நடந்தே போனேன்.

இலை நுனிகள் பழுப்பாகி மொறுமொறுவென்று இருந்தன. காற்றுக்கு வழியில்லை. வெயிலும் அவ்வளவு இல்லை. தக்ஷாயினி தேநீர் போட உள்ளே போனதும் முழந்தாளிட்டு மரப்பட்டைத் தூளை விலக்கினேன். கீழே மண்ணெல்லாம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. விரலால் கிண்டினேன். பாதி கரைந்த கல்லுப்பு, ஊறிப்போன செத்தல் மிளகாய்த் தோல், இரண்டு கடுகு.

எனக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அடுப்பில் போட முடியாமல், மரத்தைச் சுற்றிய உப்பை மரத்தடியிலேயே புதைக்கிறாள். மேப்பிளுக்கு உப்பு நஞ்சு. நிலத்தில் என்றாலும் மழை கழுவிக்கொண்டு போயிருக்கும். சாடிக்குள் அது எங்கே போகும்? போதாததற்கு, தண்ணீரை அளவாக ஊற்று என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம் இப்படியே போனால் மரம் முடிந்தது. இன்றைக்கே நிறுத்தி மண்ணைக் கழுவினால் பிழைக்கும்.

தூளை இழுத்து மூடிவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் தேநீரோடு வந்தாள்.

"என்னடி?"

"வெயில் கூடிப்போச்சுப் போலை. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

இவ்வளவுதான் சொன்னேன். நான் கையால் ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் அவள்தான், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் அவ்வளவே. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு ஆறு கிழமை எனக்கு நல்ல பசி, நல்ல நித்திரை. சனிக்கிழமைகளில் போனால் மரம் போன கிழமையைவிட மோசமாக இருக்கும். உட்காருவேன், உச்சுக்கொட்டுவேன், பூச்சி பிடித்துவிட்டதோ என்று இலையைத் திருப்பிப் பார்ப்பேன். பூச்சி இல்லை என்று எனக்குத் தெரியும். தமிழ்ப் பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனத்தில் "பொறாமை, சுவாமி. சின்னப் பொறாமை," என்று சொன்னேன். சுவாமி மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார். சின்னதுக்கு அது போதும்தான்.

ஆடி முடிகிற நேரம் குறொன்லாண்டில் மரக்கறிக் கடையில் பூமணியக்காவைக் கண்டேன். முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்காமல் நின்றார்.

"பிள்ளை, தக்ஷாயினி என்னோடை கோவமோ? ரெண்டு மாசமா ரெலிபோன் எடுக்கிறாள் இல்லை. போன கிழமை வீட்டை போனன். உள்ளுக்கை ஆள் இருக்கு, கதவு திறக்கேல்லை."

"தெரியாதக்கா. வேலை கூடவாக்கும்."

"நான் ஏதும் பிழையாக் கதைச்சனானோ? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு இஞ்சை போய் இருக்க வேறை ஒரு வீடும் இல்லை, பிள்ளை." முருங்கைக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவர் போனார். எதையும் வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனேன். கார்னெட்டில் பாதி இலை இல்லை. மீதியும் தொட்டால் உதிர்ந்தது. தக்ஷாயினி அழுதிருந்தாள் என்று முகத்தில் தெரிந்தது. முற்றத்துப் படியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்.

"பூமணியக்கா உன்னைத் தேடினவ," என்றேன்.

"அவவின்ரை கதையை எடுக்காதை. என்ரை மரத்தைத் திண்டதே அவதான்."

"என்ன சொல்லுறாய்?"

"கண்ணடி. பிறந்தநாளண்டு எப்பிடி நிண்டு பாத்தவ எண்டு கண்டனிதானே. கொப்பு வேறை கேட்டவ. ஒரு நாளைக்கு ஒரு வடிவைச் சொல்லாமல் போகமாட்டா. நானும் சித்திரையிலை இருந்து ஒவ்வொரு வெள்ளியும் உப்பும் மிளகாயும் சுத்தி மரத்தடியிலை புதைக்கிறன். கேக்குதில்லை. இப்ப செவ்வாயும் சுத்திறன். அவ்வளவு கொள்ளிக்கண்."

செவ்வாயும். கணக்கு இரட்டிப்பாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு வேகம்.

"ஏன் அவவெண்டு நினைக்கிறாய்?" என்றேன். "எத்தினை பேர் பாக்கினம். நான்தான் கிழமைக்குக் கிழமை வந்து பாக்கிறன்."

தக்ஷாயினி சிரித்தாள். அழுத கண்ணோடு, அன்பாக, என் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"நீயோ? போடி. பூக்கண்டுக்கு எருப் போடுறது உனக்கு வேலை. நாள் முழுக்க நூறு மரத்தைப் பாக்கிறனி, உனக்கென்னத்துக்கு உதிலை ஆசை? உன்ரை கண் பச்சைத் தண்ணி."

பூமணியக்கா பட்ட பாட்டுக்காகத்தான் நான் வாய் திறந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசை. சொன்னால் அது பொய். எனக்கு வந்தது ஆத்திரம். நாலு வார்த்தை வெளிப்படையாகப் புகழ்ந்த ஒரு கிழவிக்குக் கொடுத்த மதிப்பை இவள் எனக்குக் கொடுக்கவில்லை. ஒன்றரை வருடம் எரிந்திருக்கிறேன், ஒரு மரத்தையே எரிய விட்டிருக்கிறேன், இவளுடைய கணக்கில் நான் எரு போடுகிற ஆள். பொறாமைப்படக்கூட எனக்குத் தகுதி இல்லை.

எழுந்து போய்ச் சாடியிலிருந்த மரப்பட்டைத் தூளை இரண்டு கையாலும் அள்ளி வெளியே எறிந்தேன்.

"இஞ்சை வா. இதைப் பார்."

வெள்ளைப் படிவத்துக்கு நடுவே மிளகாய்த் தோல்கள் சிவப்பாகக் கிடந்தன.

"நீ போட்ட உப்பு. இதுதான் மரத்தைக் கொல்லுது. கண்ணுமில்லை, பேயுமில்லை. உப்பு நிண்டால் வேர் தண்ணி இழுக்காது."

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். தக்ஷாயினி மடைச்சி இல்லை. மொழி வகுப்பிலேயே என்னைவிட அவளுக்குத்தான் முதலில் விளங்கும்.

"நீ இதை எப்ப கண்டனி?"

இப்பதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவளுக்கு என் கண்தான் பச்சைத் தண்ணீராயிற்றே.

"முதல் நாளே. ஆனியிலை நீ கூப்பிட்டனியே, அண்டைக்கு."

"கண்டும் சொல்லேல்லை."

"இல்லை."

"சாகட்டும் எண்டு விட்டனியோ?"

"ஓம்."

"ஏனடி?"

"அது பூமணியக்காவின்ரை கண்ணில்லை, தக்ஷா. என்ரை கண். உன்ரை வீட்டைப் பாத்து எரிஞ்சது நான். இந்த மரத்தைப் பாத்து எரிஞ்சது நான். இது எனக்கெண்டு நான் ஒளிச்சு வைச்ச மரம். அந்த மனுசி பாவம், வடிவெண்டதை வடிவெண்டு சொன்னவ. நான் ஒரு நாள் சொன்னனானோ? யோசிச்சுப் பார்."

அவள் யோசித்தாள். நான் ஒரு நாளும் சொல்லவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்ததை முகத்தில் கண்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இது பிழைக்குமோ?" என்று கேட்டாள்.

"தெரியாது. பிழைக்கலாம்."

"என்ன செய்யோணும்? சொல்லு."

மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வழித்து எடுத்தோம். நடுக்கோடையில் முழுதாகப் பிடுங்கி வேரைக் கழுவினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். ஆகவே குழாயை மெல்லத் திறந்து சாடிக்குள் விட்டு, அடி ஓட்டையால் தண்ணீர் ஓட ஓட நின்றோம். வடிய விட்டு, மறுபடி விட்டோம். மூன்று தரம். கல் பதித்த முற்றமெல்லாம் தண்ணீர். நான் சொன்னேன், அவள் செய்தாள். முன்பு சாடிக்கு வாங்கி மிச்சமிருந்த மண்ணை மேலே பரப்பினோம். என் சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது.

அவள் கையைக் கழுவிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றே முற்றத்தில் நின்று பேசினாள்.

"பூமணியக்கா, நான் தக்ஷா. நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன். என்னெண்டு வந்தால் சொல்லுறன். இப்ப வாங்கோ அக்கா. ஓம், இப்பவே. தேத்தண்ணி போடுறன்."

நான் என் கைப்பையைத் தேடி எடுத்தேன். பத்து வருடச் சினேகம் முடிந்தது என்று நினைத்தேன். பூமணியக்காவின் முகத்தைப் பார்க்கிற துணிவும் எனக்கு இல்லை.

"எங்கை போறாய்?"

"வீட்டை."

"இரு. அவ வரட்டும். அவவுக்கும் உன்ரை வாயாலை சொல்லு."

உள்ளே போய் மூன்று கதிரை கொண்டுவந்தாள். இரண்டை மரத்தைப் பார்க்கப் போட்டாள். மூன்றாவதைத் தூக்கி, எதிர்ப்பக்கம் திருப்பி, சுவரைப் பார்க்க வைத்தாள்.

"இது உன்ரை கதிரை. நீ வரலாம், இருக்கலாம், குடிக்கலாம். மரத்தைப் பாராதை."

பகிடியாக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

இப்போது 2009. கார்னெட் பிழைத்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் கொப்பில் பாதி காய்ந்தே போயிற்று, மீதி துளிர்த்தது என்று சொன்னார்கள். எந்தக் கொப்பை எங்கே வெட்டுவது, எப்போது பெரிய சாடிக்கு மாற்றுவது என்பதெல்லாம் இன்றைக்கும் நான்தான் சொல்கிறேன். பூமணியக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று கொப்பை விவரிப்பார், நான் சுவரைப் பார்த்தபடி வெட்டச் சொல்லுவேன், தக்ஷாயினி வெட்டுவாள். யார் கேட்டாலும், "இது ரஞ்சி தெரிஞ்ச மரம்," என்றும் சொல்கிறாள். நான் எவ்வளவோ ஆசைப்பட்ட வார்த்தை அது.

போன சனிக்கிழமையும் போயிருந்தேன். ஐப்பசி மாதம், குளிர் தொடங்கிவிட்டது. மூவரும் ஜாக்கெட்டோடு முற்றத்தில் இருந்தோம்.

"இந்த வருசம்தான் பிள்ளை ஆகச் சிவப்பு," என்றார் பூமணியக்கா. "இப்பிடியொரு சிவப்பை நான் காணேல்லை. ஐயோ, என்ன வடிவு!"

தக்ஷாயினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கழுத்து தன்பாட்டில் மரத்தின் பக்கம் திரும்ப முயன்றது. திரும்பினால் அடுத்த கிழமை எனக்கு அங்கே கதிரை இருக்காது. தேநீர் ஆறிவிட்டது, இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்று என்று கோப்பையை நீட்டினேன்.